கராஜுக்குக் கொடுத்த முட்டு

"பர்மிட் எங்கே?" என்று அப்பாவிடம் கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். நகராட்சியில் கட்டட அனுமதி மேசையில் உட்கார்ந்திருக்கிறவள் நான். வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. எங்கள் வீட்டில் மட்டும் அதைக் கேட்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்.

"உங்கப்பாகிட்ட என்ன வேணாலும் கேளு. பர்மிட் மட்டும் கேட்டுடாதே. பின்னால இருக்கிற ஆவிக்குளியல் சானாவில இருந்து இந்தச் சமையலறை வரைக்கும் அந்த மனுஷன் தன் கையால கட்டினது. எதுக்கும் எவன் முன்னாடியும் போய் நின்னதில்ல."

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் இதுதான்.

போன ஆகஸ்டு. அப்பா சாப்பாட்டு மேசையில் கறி அடைத்துச் சுட்ட பேஸ்டியைக் கடித்துக்கொண்டே, பீர் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டை ஒட்டி ஒரு கார் மட்டும் நிற்கிற பழைய கராஜ். அதன் பக்கச் சுவரை எடுத்துவிட்டு, என் அண்ணன் கர்ட்டின் டிரக்கும் படகும் பனிவண்டிகளும் நிற்கிற அளவுக்கு அகலப்படுத்த வேண்டும் என்பது திட்டம். நான் கேட்டதும் அப்பா பென்சிலைக் கீழே வைத்தார். கர்ட் சிரித்தான்.

"ஆரம்பிச்சுட்டா நம்ம மேடம் பர்மிட்."

"என் நிலம், என் சுத்தியல். இதுல ஊருக்கு என்ன வேலை?" என்றார் அப்பா.

நான் பொறுமையாகத்தான் விளக்கினேன். பர்மிட்டுக்குக் கட்டுகிற பணம் பெரிதில்லை. வேட்டைக் காலத்தில் அவர் பீருக்கும் தோட்டாவுக்கும் செலவழிப்பதைவிடக் குறைவு. செலவு வைப்பது, பர்மிட் வாங்கினால் செய்தே தீர வேண்டிய வேலைகள்தான். வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் கடைக்கால் ஐந்தடி ஆழம் போக வேண்டும். எங்கள் ஊரில் மண் அவ்வளவு ஆழம் உறைந்து, கட்டியதைத் தூக்கிப் போடும். எடுக்கப்போகிற சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. அந்த இடத்தில் எஞ்சினியர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்ட உத்தரம் ஒன்று வேண்டும். அதற்கே ஆறாயிரம் டாலர் ஆகிவிடும். பக்கத்து வீட்டு எல்லையை நெருங்குவதால் ஊர்க் கூட்டத்தில் நின்று தனி அனுமதி கேட்க வேண்டும். கட்டி முடித்த பிறகு வீட்டு வரி ஏறும். எல்லாம் சேர்த்தால் அப்பா மனதில் வைத்திருந்த தொகைக்கு இரண்டு மடங்கு.

அப்பா கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "சுரங்கத்துல ஓவர்டைம் பார்த்து உன்னைப் படிக்க வெச்சேன். அந்தப் படிப்பு இப்ப எனக்கே பில் போடுது."

"பில் இல்லப்பா, அபராதம்" என்றான் கர்ட்.

அம்மா என் தட்டில் இன்னொரு பேஸ்டியை வைத்தாள். வாயை மூடு என்பதை அம்மா அப்படித்தான் சொல்வாள்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிவில் எஞ்சினியரிங். நான் பட்டம் வாங்கிய படம் நிலவறையில், இறைச்சி வைக்கிற பெரிய ஃபிரீசருக்கு மேலே மாட்டியிருக்கிறது. மேலே கூடத்தில் கர்ட் சுட்ட மானின் தலை. இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கேட்டீர்கள் என்பதால் சொன்னேன். கேட்கவில்லையா? சரி.

நவம்பரில் மான் வேட்டை தொடங்கும் சனி ஞாயிறில் எங்கள் ஊரில் காட்டுக்குள் துப்பாக்கிச் சத்தமும், ஊருக்குள் கான்கிரீட் லாரிச் சத்தமும் கேட்கும். கட்டட இன்ஸ்பெக்டர் ஹெட்பர்க் அந்த இரண்டு நாளும் காட்டுக் குடிசையில் இருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். திருட்டுத்தனமாகக் கொட்டுகிற தளமெல்லாம் அன்றைக்குத்தான் கொட்டப்படும். மான் வேட்டையைத் தவறவிட்டதே இல்லாத அப்பா அந்த வருஷம் போகவில்லை. சுரங்கத்து நண்பர்கள் ஆறு பேர், ஒரு பீப்பாய் பீர், அம்மா செய்த மான் கறி. திங்கள்கிழமைக்குள் தளம் காய்ந்திருந்தது. ஐந்தடி தோண்ட வேண்டிய இடத்தில் இரண்டடிகூடத் தோண்டவில்லை.

நான் சும்மா இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் திங்கட்கிழமையே ஹெட்பர்க்கிடம் சொன்னேன்.

"எங்க வீட்டுல போய்ப் பாருங்க."

"ரெய்னோ வீட்டுலயா?" அவர் இன்னும் வேட்டைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "நான் அந்தப் படியேறினா உங்கப்பன் என்னைக் கொம்பு வெச்சு கூடத்துல மாட்டிருவான். அவன் குடுத்த மான்கறி சாஸேஜ் இன்னும் என் ஃபிரிட்ஜ்ல இருக்கும்மா. நீ எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போடறேன். எழுதுவியா?"

வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவை நான் எழுதியிருக்கலாம். சட்டப்படி அதற்குப் பிறகு அவர் போயே ஆக வேண்டும். அன்று மாலை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் முகத்துக்காக விட்டுடுடி. பெத்த அப்பனையே ஊர்ல நோட்டீஸ் ஒட்டி அசிங்கப்படுத்தின பொண்ணுன்னு பேர் வேண்டாம்." எழுதவில்லை. எழுதியிருந்தால் வீடு போயிருக்கும், எழுதாததால் வேலை போகும். யாராவது கண்டுபிடித்தால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். அன்றிலிருந்து நான் செய்யக்கூடியது எதுவும் இல்லாமல் போயிற்று. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த மர உத்தரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். மூடிப் போன பள்ளிக்கூடத்தை இடித்தபோது அதன் விளையாட்டுக் கூடத்துக் கூரையிலிருந்து கர்ட் டிரக்கில் ஏற்றிக்கொண்டு வந்தது. பழைய போல்ட் துளைகள் வரிசையாக இருந்தன. அந்த வரிசையோடு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. விரலை வைத்துக் காட்டினேன்.

"அறுபது வருஷம் ஜிம்மைத் தாங்கியிருக்கு" என்றான் கர்ட். "என் படகுக்கு மேல நாலு பலகையைத் தாங்காதா? போய்க் கம்ப்யூட்டரைத் தட்டு, போ."

"பனியைத் தாங்காது."

"பனியை நீ தாங்கிக்கோ."

வெடிப்பின் மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

என் சம்பளத்தில் இரண்டு இரும்பு முட்டுகள் வாங்கிக்கொண்டு வந்தேன். மேலே திருகு இருக்கும். சுற்றினால் ஏறும், இறங்கும். வெடிப்புக்கு இரண்டு பக்கமும் நிறுத்தி, உத்தரத்தோடு இறுக்கினேன். "அவ மனசு ஆறட்டும், விடு" என்று அப்பா கர்ட்டிடம் சொன்னார். அந்த ஒன்றில் மட்டும்தான் அந்த வீட்டில் நான் ஜெயித்தேன். அவற்றுக்கு என் பெயரைச் சேர்த்து 'ஜோலினோட ஊன்றுகோல்' என்று பெயர் வைத்தார்கள். நண்பர்கள் வந்தால் தொப்பியை அதில் மாட்டுவார்கள். கர்ட் டிரக்கின் பக்கக் கண்ணாடியை ஒருமுறை அதில் இடித்து உடைத்துக்கொண்டு, அதற்கு என்னிடம் காசு கேட்டான். வேடிக்கைக்காகக் கேட்கிறான் என்று அம்மா சொன்னாள். வாங்கிக்கொண்டான்.

குளிர்காலம் முழுக்க, பனி விழுந்து ஓய்ந்த ஒவ்வொரு முறையும், நீளக் கழியில் வாரும் பலகையைக் கட்டி அந்தக் கூரைப் பனியை நான் வாரினேன். அப்பா ஜன்னல் வழியாகப் பார்ப்பார். "உடம்புக்கு நல்லதுதான்" என்பார். பிப்ரவரியில் நான் ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போய்விட்டேன். போகும்போது கழியை எங்கே வைத்திருக்கிறேன் என்று காட்டிவிட்டுத்தான் போனேன்.

மார்ச் கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை. பழைய பனி அப்படியே கிடந்தது. அதன் மேல் ஈரப்பனி ஒரு நாள் முழுக்க விழுந்து, பிறகு மழையும் பிடித்துக்கொண்டது. நான் மதியம் போனேன். கூரையில் இடுப்பளவு பனி கனத்துக் கிடந்தது. கழி வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே அப்பாவும் கர்ட்டும். கர்ட் புதிதாக, முன்னதைவிட அகலமான படகு ஒன்று வாங்கியிருந்தான். முட்டுகள் இருப்பதால் உள்ளே போகவில்லை.

"இந்தா, வந்துட்டா" என்றான் கர்ட். "கேளுங்கப்பா. ஆபீசர் வந்திருக்காங்க."

அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "ஏம்மா, இந்த ரெண்டையும் எடுத்துரலாமா? நீயே சொல்லு. நீதானே படிச்சவ."

கர்ட் பக்கவாட்டில் கண்ணடித்ததை நான் பார்த்தேன். இருந்தாலும் அப்பா என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

மேலே பார்த்தேன். பெயின்ட் பிளந்து வெடிப்பு வாயைத் திறந்திருந்தது. ஒரு நாணயத்தை உள்ளே விடலாம். உத்தரம் நடுவில் இறங்கியிருந்தது. இது எடுக்கக் கூடாதது என்பதற்குப் படிப்புகூட வேண்டியதில்லை. நிமிர்ந்து பார்த்தால் போதும். அவர்கள் நிமிரவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் 'வேண்டாம்' என்று சொல்லப்போகிறேன், சிரிக்கலாம் என்று.

"எடுக்கலாம்" என்றேன்.

எவ்வளவு சீக்கிரம் நம்பினார்கள் தெரியுமா? ஆகஸ்டிலிருந்து நான் சொன்ன ஒரு 'வேண்டாம்'கூட அந்த வீட்டில் யார் காதிலும் ஏறியதில்லை. 'எடுக்கலாம்' உடனே ஏறிற்று. "பாத்தியா, அவளே சொல்லிட்டா" என்று அப்பா சந்தோஷப்பட்டார். என் தோளைத் தட்டினார்.

கர்ட் ஸ்பேனரைப் போட்டுத் திருகைச் சுற்றப் பார்த்தான். அசையவில்லை.

"ஏன் இப்படி இறுகிக் கிடக்கு?"

இறுகிக் கிடந்தது, கூரை முழுக்க அந்தத் திருகின் மேல் உட்கார்ந்திருந்ததால்.

"துரு பிடிச்சிருக்கும். எண்ணெய் விடு" என்றேன். அலமாரியில் இருந்த எண்ணெய் டப்பாவை எடுத்து நானே அவன் கையில் கொடுத்தேன்.

எனக்குக் கோபமா என்று கேட்கிறீர்கள். கோபமாக இருந்திருந்தால் கத்தியிருப்பேன். மாதக்கணக்கில் கத்திப் பார்த்தவள் நான். அன்றைக்கு நான் அமைதியாகத்தான் இருந்தேன். கூரை முனகும், கொஞ்சம் இறங்கும், இவர்கள் வெளியே ஓடுவார்கள், நான் சொன்னது அப்போதாவது புரியும் என்று நினைத்தேன். நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் அப்படி வெடித்த மரம் மெதுவாக இறங்காது, ஒரே அடியாக முறியும் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் சொல்லிவிடுகிறேன். நான் கணக்குப் போட்டுப் பார்த்தவள்.

கூரை விழுந்ததில் கர்ட்டின் உயிர் அங்கேயே போய்விட்டது. அம்மாவுக்கு ஆம்புலன்ஸில். அப்பாவின் இடுப்பெலும்பு நொறுங்கியிருக்கிறது, பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். பனி அதிகம், எதிர்பாராத விபத்து என்று போலீஸ் அறிக்கையில் நீங்களே எழுதி முடித்துவிட்டீர்கள். நான் வந்து சொல்லியிருக்காவிட்டால் யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டீர்கள். பிறகு ஏன் வந்தேன் என்றுதானே பார்க்கிறீர்கள்?

ஆஸ்பத்திரியில் அப்பா வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறார். நர்சுகளிடம் சொல்கிறார், ஹெட்பர்க்கிடம் சொன்னார். "என் பொண்ணு பார்த்துட்டுத்தான் சொன்னா. அவ படிச்சவ. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். இது வேற ஏதோ." இதைக் கேட்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது உங்களுக்குத் தேவையில்லை. ஹெட்பர்க் வெளியே வந்து என் முதுகைத் தடவினார். "மனசைத் தளர விடாதே. உன் கணக்கு கொஞ்சம் தப்பிப்போச்சு. யாருக்கும் வர்றதுதான்" என்றார். ஊர் முழுக்க அப்படித்தான் பேசுகிறார்களாம், ரொம்பப் பரிதாபமாக.

அதைத் திருத்தத்தான் வந்தேன். என் கணக்கு தப்பவில்லை. எந்தத் துளையில் முறியும் என்று நினைத்தேனோ அந்தத் துளையில்தான் முறிந்தது. போய் அளந்து பாருங்கள்.

இனி ஒன்றுதான் பாக்கி. நான் அங்கிருந்து எப்படி வெளியே வந்தேன் என்பது.

கர்ட் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அப்பா இன்னொரு ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து கராஜுக்கு வருகிற கதவைத் திறந்துகொண்டு அம்மா காப்பித் தட்டோடு வந்தாள். "கிளம்பிட்டியா? காப்பி போட்டிருக்கேனே" என்றாள். வேலை இருக்கிறது என்றேன். அவள் எனக்கு வழி விட்டு ஒதுங்கி, தட்டோடு உள்ளே அவர்கள் பக்கம் போனாள். நான் பெரிய கதவு வழியாக வெளியே நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கார் தெருவோரம் நின்றிருந்தது.

உங்கள் பதிவில் இது கட்டாயம் இருக்க வேண்டும்: நான் மெதுவாகத்தான் நடந்தேன். வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். அவர்களில் யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டிருந்தால் போதும், திரும்பிப் போய் எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பேன். சத்தியமாக நிறுத்தியிருப்பேன்.

"ஜோ, மழை பெய்யுதுடி, தலைக்கு ஒண்ணும் போடாமப் போறியே" என்று அம்மா கூப்பிட்டாள். கேட்கவில்லையோ என்று நினைத்து, இன்னும் சத்தமாக மறுபடியும் கூப்பிட்டாள்.

நான் காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.