எழுபத்திரண்டு படிகள்

இந்தக் குடும்ப விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்புக்குரிய போதகர் ஐயா அவர்களே, நான் எத்தனை நீளமாகப் பேசினாலும் புன்னகை குறையாமல் பொறுத்தருளும் சபை மூப்பர்களே, வீட்டுச் சுமையை வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டு இங்கே வந்து வாய்நிறையப் பாடும் தாய்மார்களே, வாரமெல்லாம் உழைத்த அலுப்போடு அமர்ந்திருக்கும் சகோதரர்களே, பிள்ளைச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் கர்த்தருடைய நாமத்தினாலே என் பணிவான வணக்கம்.

அன்றாட வாழ்வில் விசுவாசம். இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. இருபது நிமிடம் என்றார்கள். யாரோ சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். இருபது நிமிடத்தில் நான் முன்னுரையைக்கூட முடித்ததில்லை என்பது ஊரறிந்த செய்தி. இன்று முடித்துவிடுவேன். ஏனென்றால் இன்று நான் சொல்லப்போவது ஒரே ஒரு சம்பவம்.

விசுவாசம் எங்கே குடியிருக்கிறது? உயர்த்திய கைகளிலா? உருகிய குரலிலா? ஓயாத ஜெபத்திலா? என்னைக் கேட்டிருந்தால், என் நாவில் என்று சொல்லியிருப்பேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். சொற்கள் எனக்குச் சொன்னபடி கேட்கும். வீட்டுக் கூட்டமா, என்னைக் கூப்பிடுவார்கள். நோயாளி படுக்கையா, என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஜெபித்தால் கல்லும் கரையும் என்றார்கள். கல் கரைந்ததோ என்னவோ, என் தலை கனத்தது.

எங்கள் குடியிருப்பு நான்கு மாடிக் கட்டடம். நான்காவது மாடியில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். நம் சபைக்காரர்தான், இதோ முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். எல்லோருக்கும் அவர் தையலக்கா. நோயில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போய் ஐந்து வருடம் ஆகிறது. கையால் ஓட்டும் தையல் இயந்திரத்தில் இன்றும் தைக்கிறார். கத்தரிக்கோல் கூர்மை என்று நினைப்பவர்கள் அவர் பேச்சைக் கேட்டதில்லை.

போன வருடம் எங்கள் லிப்ட் நின்றுபோனது. ஒரு பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். வாரங்கள் போயின, பாகம் வரவில்லை. தையலக்கா ஐந்து வாரமாக ஆராதனைக்கு வரவில்லை. சபை சும்மா இருக்குமா? ஒரு சனிக்கிழமை எட்டுப் பேர் படியேறிப் போனோம். அவர் அறையில் துணிக்குவியலை ஒதுக்கிவைத்துவிட்டு நின்றுகொண்டே ஜெபித்தோம். நான்தான் ஜெபித்தேன். அடைபட்டவர்களை விடுவிக்கிறவரே, அசையாதவற்றை அசைக்கிறவரே என்று கால்மணி நேரம். முடித்துக் கண்ணைத் திறந்தேன். அக்கா ஏற்கெனவே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“எட்டுப் பேர் நாலு மாடி ஏறி வந்திருக்கீங்க,” என்றார். “இறங்குறப்போ என்னையும் கூட்டிட்டுப் போகக் கூடாதா?”

எட்டுப் பேர் தலையிலும் ஐந்து வாரமாக அந்த எண்ணம் உதிக்கவேயில்லை. கடவுள் லிப்டை ஓடவைக்க வேண்டும் என்று கேட்டோமே தவிர, எங்களுக்கும் இரண்டு கை இருப்பது எங்களுக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை கைவைத்த மரநாற்காலி ஒன்றில் அக்காவை உட்காரவைத்து, விழாமல் இருக்கச் சேலையால் இடுப்பைச் சுற்றிக் கட்டினார் அவர் மகள். சக்கர நாற்காலியை முன்பே கீழே கொண்டுபோய் வைத்தாயிற்று. தூக்க நாலு பேர் வேண்டும். நான், மருந்துக்கடைக்காரர், பள்ளி வேன் ஓட்டுநர். நாலாவதாக வருவதாகச் சொன்னவருக்கு அன்று காலை முதுகு பிடித்துக்கொண்டது. ஓட்டுநர், “இருங்க, முதல் மாடியில ஆள் இருக்கு,” என்று கீழே ஓடினார். முதல் மாடியில் யார் என்று எனக்குத் தெரியும். வாய் திறந்து தடுக்கவும் முடியவில்லை.

அவர் அழைத்து வந்தது என் தம்பியை. ரொட்டி அடுமனையில் இரவு வேலை பார்ப்பவன், அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான். முழங்கைவரை மாவு. நானும் அவனும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. நான் இரண்டாம் மாடி, அவன் முதல் மாடி. அவன் லிப்டில் ஏறினால் நான் படியில் போவேன். கர்த்தருடைய சமாதானம் பற்றி எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

ஒரு ஆளை நாற்காலியோடு படியில் இறக்குவது எப்படி என்று தெரியுமா? கீழ்ப்பக்கம் பிடிக்கிற இருவர் பின்னோக்கி இறங்க வேண்டும். பாரம் முழுவதும் அவர்கள் மேல். அடுத்த படி அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. மேலே பிடித்திருக்கிறவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நானும் மருந்துக்கடைக்காரரும் கீழே. ஓட்டுநரும் தம்பியும் மேலே. எனக்கு நேர் எதிரே தம்பி.

அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பத்துப் படி இறங்கினோம். பதினொன்றாவது படியில் என் கால் காற்றில் போனது. நாற்காலி சாய்ந்தது. அக்கா என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார். அன்று முதல் எனக்கு முன்வழுக்கை அதிகம். சிரிக்காதீர்கள், அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

“அண்ணன் தம்பி சண்டைக்கு நான் எதுக்கு விழணும்?” என்றார் அக்கா. “பேசிக்கிட்டே இறக்குறதா இருந்தா இறக்குங்க. இல்லைன்னா மேலேயே விட்டுருங்க.”

தம்பி சொன்னான்: “ஒரு படி. இன்னொண்ணு. நில்லுங்க. திரும்பணும்.”

ஆறு வருடத்துக்குப் பிறகு என் தம்பி பேசிய பேச்சு இவ்வளவுதான். அந்த ‘நில்லுங்க’ எனக்குத் தந்த மரியாதையா, பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரருக்கா என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் மொத்தம் எழுபத்திரண்டு படியில் மீதி அத்தனையையும் அவன் குரலை நம்பியே இறங்கினேன். அன்பானவர்களே, அத்தனை வருட ஜெபத்தில் நான் கண்ணை மூடியிருக்கிறேன். கண் தெரியாமல் இன்னொருவனை நம்பிக் காலை வைத்தது அன்றுதான்.

இனி அந்தச் சண்டையைச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா கடைசி ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார், என் வீட்டில். மாலையில் வேலை முடித்து வந்து நான் அம்மா பக்கத்தில் அமர்ந்து வேதம் வாசிப்பேன். வருகிறவர்கள் பார்ப்பார்கள். என்ன பிள்ளை, எப்பேர்ப்பட்ட பிள்ளை என்பார்கள். தம்பி அந்த நேரத்தில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். அவனை யாரும் பார்த்ததில்லை. அம்மாவின் அடக்க ஆராதனையில், இதே மண்டபத்தில், நான் ஜெபித்தேன். பெற்றவளை எட்டிப் பார்க்காத பிள்ளையை மன்னியும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். உங்களில் பலர் அதற்கு ஆமென் சொன்னீர்கள். உங்கள்மேல் குற்றமில்லை. ஜெபம் என்று நினைத்துச் சொன்னீர்கள். அன்று எழுந்து போனவன்தான் தம்பி. பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை.

ஞாயிறுதோறும் தூக்கினோம். பதினொரு ஞாயிறு. அக்காவைக் கீழே இறக்கிவிட்டுத் தம்பி தூங்கப் போவான், ஆராதனை முடிந்ததும் மேலே ஏற்ற வருவான். ஐந்தாவது ஞாயிறு அவன் வீட்டுக்குப் போகவில்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இங்கே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். “ஒன்றரை மணி நேரத்துல என்ன தூங்குறது,” என்று அக்காவிடம் சொன்னானாம். உட்கார்ந்தபடியே தூங்கினான். அன்று பிரசங்கம் அரைமணி நேரம். எனக்கு அவன் குறட்டைதான் காதில் விழுந்தது. அதைவிட இனிய கீதத்தை இந்த ஆலயத்தில் நான் கேட்டதில்லை.

ஒன்பதாவது ஞாயிறு. மேலே ஏற்றும்போது மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றோம். “அண்ணே, ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்களேன்,” என்றார் அக்கா. கண்ணை மூடினேன். எதிரே அவன் நிற்கிறான். ஒரு வார்த்தை வரவில்லை. சொல்லை வைத்தே பிழைக்கிறவனுக்கு ஒரு சொல் வரவில்லை. கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துச் சொன்னேன்.

“அம்மா அடக்கத்தன்னைக்கு நான் பண்ணது ஜெபம் இல்லடா.”

“தெரியும்,” என்றான். “தூக்கு. அக்காவுக்குக் கால் தொங்குது.”

தூக்கினோம். அக்காவை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் ஒன்றாக இறங்கினோம். இரண்டாம் மாடியில் என் கதவருகே நான், “என்னை மன்னிச்சுரு,” என்றேன்.

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். கோபப்படவில்லை. நிதானமாகத்தான் கேட்டான்.

“என்னைச் சொன்னது இருநூறு பேர் முன்னாடி. மன்னிப்பு மட்டும் மாடிப்படியில, யாருக்கும் தெரியாமலா?”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். இரண்டு வாரத்தில் லிப்டும் ஓடத் தொடங்கியது. தூக்கும் வேலை முடிந்தது. அந்தக் கேள்வி முடியவில்லை. சாப்பிடும்போது கேட்டது. அச்சகத்தில் தாளின்மேல் குனிந்திருக்கும்போது கேட்டது. தனியே மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியம் இருந்தது. கல் கரைந்தது என்று என்னைப் புகழ்ந்த உங்கள் முகங்களுக்கு முன்னால் கேட்கத் தைரியம் இல்லை. என் விசுவாசம் என்று நான் நினைத்திருந்ததில் பாதி உங்கள் பாராட்டு என்று அப்போது தெரிந்தது. இந்த விழாவில் பேசக் கேட்டபோது அதனால்தான் ஒப்புக்கொண்டேன். தலைப்பு எதுவானாலும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

தம்பி வந்திருக்கிறான். தூணருகே நிற்கிறான். தயவுசெய்து யாரும் திரும்பி அவனைப் பார்க்க வேண்டாம். என்னைப் பாருங்கள்.

ஏழு மாதம், தினமும் காலையில், இரவு முழுக்க அடுப்பருகே நின்ற கால்களோடு வந்து என் தாயைக் குளிப்பாட்டியவன் என் தம்பி. முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தவன் என் தம்பி. அழுக்குத் துணியை அலசி மொட்டைமாடியில் உலர்த்தியவன் என் தம்பி. மாலையில் நான் வாசிக்க உட்காரும்போது அம்மா மணக்க மணக்கப் படுத்திருந்தாரே, அது அவன் கைவேலை. எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே, கர்த்தரை நோக்கிப் பேசுவதுபோல் உங்களிடம் அவனைக் காட்டிக்கொடுத்தேன். நான் சொன்னது பொய்.

தையலக்கா கையைத் தூக்குகிறார். சொல்லுங்க அக்கா. பின்னால் சரியாகக் கேட்டிருக்காதாம். கடைசி வார்த்தையில் என் குரல் இறங்கிவிட்டதாம். சரி, மறுபடியும் சொல்கிறேன். நான் சொன்னது பொய். தம்பி, இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு. இப்போதே பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை. எப்போது முடியுமோ அப்போது சொல்.

கேட்டீர்களா, தூணருகிலிருந்து சொன்னான். மைக் இல்லாததால் முன்னால் இருப்பவர்களுக்கு எட்டியிருக்காது. “கேட்டுருச்சுண்ணே, போதும்” என்கிறான்.

வளர்த்துவானேன். வாய்ப்புத் தந்த போதகர் ஐயாவுக்கும், பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், என்னோடு நாற்காலி பிடித்த மூவருக்கும், வாயைத் திறந்து கேட்ட தையலக்காவுக்கும் நன்றி. உங்கள் வீடுகளில் சமாதானம் தங்குவதாக. வணக்கம்.