சோகி எறிந்து பார்த்த மணற்சுவர்

நல்ல தேத்தண்ணி, இன்ஸ்பெக்டர் ஐயா. இஞ்சிதான் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. நான் சிரிக்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். சோகியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்குச் சிரிப்புத் தானாக வந்துவிடும்.

நிலாவெளிக்கு வடக்கே எங்கள் கம்பனி கறுப்பு மணல் தோண்டுகிறது. எங்கே, எவ்வளவு செங்குத்தாக வெட்டுவது என்று திட்டம் போடுகிறவன் நான், கனகரத்தினம். துளை போட்ட இடத்தில் மண் எப்படி என்று தெரியும். இரண்டு துளைக்கு நடுவில் ஈரமா, காய்ந்ததா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். மாரி எப்போது இறங்கும் என்பதும் அப்படியே. கொழும்பில் இதற்கெல்லாம் கம்பியூட்டர் வந்துவிட்டதாம். இந்த எழுபத்திரண்டாம் ஆண்டிலும் எங்களுக்குப் பென்சிலுக்கே தட்டுப்பாடு. ஆகவே, பெண்கள் தாயம் ஆடுவார்களே, அந்தச் சோகியை எறிந்தேன்.

முறை சரியானது ஐயா. இத்தனை வாய் மேலே விழுந்தால் ஈரமணல், இத்தனை என்றால் மழை முந்தும் என்று, துளைகளில் கண்டதற்கு ஏற்ப வகுத்திருந்தேன். எறிய எறிய ஒரு மாரிகாலம் முழுவதும் மேசையிலேயே நடந்து முடியும். வெட்டிய கிடங்கின் மணற்சுவர் நிற்கும், அல்லது விழும். நூறு தரம் ஆடினால் எத்தனை தரம் விழும் என்று தெரிந்துவிடும். அதைப் பார்த்துச் சரிவை வெட்டலாம். அடடா, என்ன சந்தோசம் அது. சாப்பாட்டு நேரத்தில் கந்தோரில் வேலை செய்கிற எல்லோரும் என் மேசையைச் சுற்றி நிற்பார்கள். சுவர் நின்றால் டைப்பிஸ்ட் குணேஸ்வரி துள்ளுவாள்.

ஒரு நாள் ஓவசியர் அப்துல் மஜீத் வந்தார். வயதில் மூத்தவர், எங்களுக்கெல்லாம் அவர் காக்கா, அண்ணன் மாதிரி.

"தம்பி, மணல் தோண்டுற கிடங்குக்குள்ள நிக்கப்போறவன் நான். இண்டைக்கு நானே எறியிறன். விழுந்தா சரிவை அகட்டி வெட்டுவம், என்ன?"

"ஓம் காக்கா."

அகட்டி வெட்டினால் மாரிக்கு முன் அடிமணலை எடுக்க முடியாது. என் திட்டம் குப்பைக்குப் போகும்.

காக்கா கையை ஊதி ஊதி எறிந்துகொண்டே போனார். கடைசி எறியில் சுவர் விழுந்தது. அவருடைய முகம் கறுத்துவிட்டது. எங்கள் ஊர் ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. எதிலாவது சாய்ந்து நிற்கிற சோகி செல்லாது.

"மைக்கூட்டோட ஒண்டு சாஞ்சு நிக்குது காக்கா. திருப்பி எறியுங்கோ."

எறிந்தார். மறுபடியும் விழுந்தது. மறுபடியும் சாய்ந்தது என்றேன்.

"ஐயா அலாப்புறார், கள்ள ஆட்டம் ஆடுறார்" என்று குணேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். காக்காவும் சிரித்தார். மூன்றாம் எறியில் சுவர் நின்றது. கந்தோரில் ஒரே ஆரவாரம். காக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இனிப் பயமில்லை தம்பி. என்ர பெண்சாதி உம்மு குல்சும் ஒவ்வொரு நாளும் கேக்கிறா. வீட்டபோய்ச் சொல்லிப்போடுறன்."

செங்குத்தாகவே வெட்டினோம். முதல் மழைக்கே சுவர் இறங்கியது. காக்காவைத் தோண்டி எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது.

சோகி உண்மையில் சாய்ந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா. மைக்கூட்டை அதன் பக்கம் தள்ளியது நான்தான். தனியே ஆடியபோதும் விழுந்த ஆட்டங்களையெல்லாம் செல்லாது என்று ஒதுக்கினேன். அதனால்தான் என் நூறு ஆட்டத்திலும் சுவர் நின்றது. எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை.

ஆனால் செல்லுபடியான ஆட்டம் அந்த மூன்றாவதுதான். அதில் மஜீத் காக்கா மாரி முழுக்கச் சுகமாக இருந்தார். இதை யாராவது பொறுமையாக விளக்கிச் சொன்னால், உம்மு குல்சும் அழுவதை நிறுத்திவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.