நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

எங்கள் கல்லூரி நூலகத்துக்குக் காலை ஒன்பதரைக்கு யாரும் வருவதில்லை. எனக்கு அந்த நேரம் பிடிக்கும். ஐந்து பேர் முன்னால் உட்கார்ந்து பேச எனக்கு வராது. அதனால் விசாரணைக் குழுவுக்கு எழுதியே கொடுக்கிறேன்.

நான் சூர்யகலா. வேதியியல் படித்தேன். ஆய்வேடுகளில் திருட்டு இருக்கிறதா என்று கணினியில் சரிபார்ப்பது என் வேலை. சேமிப்பில் ஏற்கெனவே இருக்கும் எழுத்தோடு புதிதாக வருவதை ஒப்பிட்டு, எத்தனை விழுக்காடு ஒன்றாக இருக்கிறது என்று அது சொல்லும்.

இனியா தத்துவத் துறையில் ஆராய்ச்சி செய்தாள். சேவூர்ப் பக்கம். அம்மா நாற்று நடப் போகிறவர். ஆய்வேட்டின் தலைப்பு 'தொடுதல்'. ஒன்றைத் தொடும்போது அதை அறிகிறோமா, நம்மைத்தான் அறிகிறோமா என்று ஐந்து வருடம் எழுதினாள். அறிவியல் படித்த எனக்கு அதில் அளக்க எதுவும் தெரியவில்லை. ஆனாலும் மதிய வேளைகளில் அவள் பேசுவாள், நான் கேட்பேன்.

எங்கள் வீட்டில் பட்டுத்தறி. நெசவுக்கு நீளவாட்டு இழைகளை, பாவு என்போம், விரிப்பதைப் பார்க்க வேண்டும் என்றாள். வரச் சொன்னேன். எங்கள் தெருவில் விடிந்ததும் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை அங்கேயே முடிந்துவிடுவோம். வெளி ஆட்கள் அதில் கைவைப்பதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை.

அன்று அப்பாவுக்கு என்ன தோன்றியதோ. "சும்மா பாத்துகினே நின்னா என்னா தெரியும்? வாம்மா, ஒண்ணு முடிஞ்சி பாரு."

"அறுத்துட்டா திட்டுவீங்க."

"எங்க வூட்டுப் பொண்ணு தெனம் அறுக்குது. அத்தயே திட்டல."

அவள் சிரித்துக்கொண்டே விரலைக் கஞ்சியில் நனைத்து இழையை முறுக்கினாள். "ஒனக்கு கை வாட்டமா வருதும்மா," என்றார் அப்பா. என்னிடம் அவர் அப்படிச் சொன்னதில்லை.

நான் கஞ்சிச் சட்டியை அவள் பக்கத்திலிருந்து நகர்த்தினேன். வெயில் ஏறினால் கஞ்சி புளிக்கும்.

அவள் தெருமுனைக்குப் போனதும் மிச்சக் கஞ்சியைச் சாக்கடையில் கொட்டினேன். புளித்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அந்த முடிச்சைக் கத்தரித்துவிட்டுப் புதிதாக முடிந்தேன். கத்தரியைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். ஆய்வகப் பழக்கம், பிப்பெட்டையும் மூன்று முறைதான் கழுவுவோம். எனக்குச் சாதி வித்தியாசம் கிடையாது. என்னோடு படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மார்ச் மாதம் வரைவோடு வந்தாள். "கலா, மொதல்ல நீ ஒருவாட்டி போட்டுப் பாத்துடு. மேற்கோள் எங்கனா உட்டிருந்தா ஜல்தியா திருத்திடுவேன். ஒன்ன நம்பித்தான் இருக்கேன்."

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நான் இருந்தேன். பெயர் இல்லை. தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது, தான் முடிந்த இழையை அந்த வீட்டுப் பெண் கத்தரித்துக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருந்தாள். கோபமாக ஒரு சொல் இல்லை. 'அவள் கெட்டவள் அல்ல. அவள் நினைப்பதற்கு முன்பே அவள் கை நினைத்துவிட்டது.' நான் படிக்க மாட்டேன் என்று கொடுத்தாளா, படிக்கட்டும் என்றே கொடுத்தாளா தெரியவில்லை. என்னை மன்னிக்கும் இடத்தில் அவளை யார் உட்காரவைத்தார்கள் என்பதும் தெரியவில்லை.

அது தவறான தகவல். முடிச்சு தடிப்பாக இருந்தது, கத்தரித்தேன். தவறான தகவல் ஆய்வேடாக வெளியே போகக் கூடாது.

வரைவை அருள்மணி என்ற பெயரில் சேமிப்பில் ஏற்றினேன். அப்படி யாரும் இல்லை. ஜூன் மாதம் இனியாவின் ஆய்வேடு முறைப்படி வந்தபோது கணினி தொண்ணூற்று நான்கு விழுக்காடு என்றது. கையெழுத்திட்டு அனுப்பினேன். அவளுடைய நெறியாளர் அருள்தாஸ் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அப்பவே நெனச்சேம்மா, இவ்ளோ நல்லா எழுதுதேன்னு," என்றார். பண்பாட்டு விமர்சனம் பற்றி மாதம் ஒரு கூட்டத்தில் பேசுகிறவர். அந்த அருள்மணி யார் என்று அவர் தேடவில்லை. தேடுவார் என்று நினைத்திருந்தேன்.

இனியாவின் ஆராய்ச்சிப் பதிவு ரத்தானது. அவள் அம்மா பச்சையம்மாள் நூலகத்துக்கு வந்தார். "எம்பொண்ணு திருடாதும்மா. அத்தோட கூடவே இருந்தியே, நீயாச்சும் சொல்லேன்." உட்காரச் சொல்லி என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். திரும்ப வாங்கவில்லை. பழைய பாட்டில்தான்.

இனியா இப்போது செய்யாறு கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். நிறுத்தத்தில் பார்த்தால் தலையசைக்கிறாள்.

விசாரணைக்கு அழைத்து உங்கள் கடிதம் வந்த அன்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தறியை விட்டு எழுந்தார். பிறகு, "நீ வெட்டின தடி முடிச்சு அது போட்டது இல்ல, நான் போட்டது. அது போட்டது பக்கத்துல. மொழுமொழுன்னு இருந்திச்சி, கண்ணுக்கே தெரியாது," என்றார்.

ஆகவே நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் தவறான தகவல் என்று நான் சொன்னது சரிதான். இதைக் குழு பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அந்தப் பாவில் அப்பா மூன்று புடவை நெய்தார். ஒன்று என் கல்யாணத்துக்கென்று அலமாரியில் இருக்கிறது. அவள் முடிச்சு எந்தப் புடவையில் போயிற்று என்று அவருக்கும் தெரியாது. அலமாரியில் இருக்கும் புடவையை நான் இன்னும் தொடவில்லை. கை வியர்வை பட்டால் பட்டு கறைபடும்.