ரிமோட்டுக்கு வைத்த சந்தனப் பொட்டு

“கார் ரிமோட்டுக்குச் சந்தனம் ஆகாதாம்ணே.”

அருப்புக்கோட்டை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் சொன்னார். கையில் அந்த ரிமோட்.

“யாரு சொன்னா?”

“மெக்கானிக்கு. போன வாரம் பட்டன் வேலை செய்யல. பேட்டரி மாத்தியும் கேக்கல. சாவி போட்டுத் தெறந்தா காரு கத்தி ஊரக் கூட்டுது. அவரு ரிமோட்டக் கழட்டிப் பாத்தா உள்ள பூராம் காஞ்ச சந்தனம். ஆயுதபூசைக்கு எங்க வீட்டுல பட்டனுக்குப் பட்டன் பொட்டு வச்சிருக்காக. அழிரப்பரால தேச்சதும் சரியாயிருச்சு.”

“பெறகு எதுக்குப்பா பஸ்ஸுல வாரே?”

“சரியாப்போன சந்தோசத்துல நேத்து வெள்ளிக்கிழமை திரும்பவும் வச்சுட்டாக.”

அவர் ரிமோட்டை மோந்து பார்த்தார்.

“இந்தத் தடவ பன்னீரு விட்டுக் கொழச்சு.”