மறுபக்கத்துக் கோடுகள்

— இதைச் சொல்லவா காலம்பற ஏழு மணிக்கு மயிலாப்பூருக்கு, என் ஆத்துக்கே வந்து நிக்கறே, ஜுவேரியா? கண்ணாடி கவுந்திருந்துதுன்னு எப்படித் தெரியும்?

— லேப்ல பழைய பெட்டியில அது கிடைச்சுது, மேடம். நம்ம கட்டுரையில முதல் படத்துக்கு மைக்ராஸ்கோப்ல வச்ச கண்ணாடி. காஞ்ச சொட்டு அப்படியே ஒட்டியிருக்கு. நாம செதுக்கின கோடெல்லாம் மறுபக்கம்.

— கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் மணி, கோட்டுல போய் உக்கார்றதுன்னு எழுதினோமே, அப்படி வரிசையா நின்னுதே. கோடு இல்லாம தானாவா நின்னுது?

— துடைச்ச தடத்துல நின்னிருக்கு. சும்மா ஒரு கண்ணாடியை டிஷ்யூவால ஒரே திசையில துடைச்சு, மணி கலந்த தண்ணியை ஒரு சொட்டு விட்டேன். காஞ்சதும் அதே வரிசை.

— ஓ.

— வரிசைக்கு நடுவுல இடைவெளி நம்ம கோட்டு இடைவெளியோட ஏன் ஒத்துப்போகலைன்னு, கட்டுரையைப் பரிசீலிச்ச ஒருத்தர் அப்பவே கேட்டார்.

— தண்ணி காயறச்சே நகர்ந்துடுத்துன்னு பதில் எழுதினோம்.

— நீங்க எழுதினீங்க.

— சரி, உன் கைடா சொல்றேன், கேட்டுக்கோ. வியாழக்கிழமை உனக்கு வைவா. டாக்டர் பட்டத்தை வாங்கிக்கோ. இதை அப்புறம் நிதானமா யோசிக்கலாம்.

— நம்ம லேப் ஜூனியர் தௌஃபீக் படிப்பை விடறேன்னு லெட்டர் எழுதி வச்சிருக்கான், மேடம். இன்னிக்குக் கொடுத்துடுவான். ரெண்டு வருஷமா அந்தப் படத்தைத் திரும்ப வரவைக்கப் பாக்கறான். ஒழுங்கா கோட்டுப் பக்கம்தான் சொட்டு விடறான். நம்ம கோட்டுக்கு ஆழம் பத்தல, மணி உக்காரவே மாட்டேங்குது. அவன் என்னடான்னா, தன் கைக்கு ராசியில்லங்கறான்.

— அவனுக்கு வேற தலைப்பு தரேன். நீ ஏன் உன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கறே? ஒரு சின்னக் கவனக்குறைவு. படிக்கற வயசுல எல்லாரும் பண்றதுதான். உன்னை யாரும் திட்டப் போறதில்ல.

— அன்னிக்கு நான் லேப்லயே இல்ல, மேடம்.

— என்னிக்கு?

— அந்தப் படம் எடுத்த அன்னிக்கு. வாப்பாவுக்கு ஆபரேஷன், ராயப்பேட்டையில ஆஸ்பத்திரியில இருந்தேன். பெட்டி மேல தேதி இருக்கு. பக்கத்துல மஹதின்னு உங்க கையெழுத்து.

— வேற யார்கிட்ட சொன்னே?

— யார்கிட்டயும் சொல்லல. வெறும் கண்ணுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். தெரியாம வச்சிருப்பீங்க. அதை நாமளே எழுதிக் கொடுத்துடலாம்னுதான் வந்தேன்.

— வைக்கறச்சே தெரியாது, ஜுவேரியா. படம் எடுக்கறச்சே தெரிஞ்சுடுத்து.