பேப்பரில் வந்த இடம்

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் பத்திரிகை நிருபர். மற்றவர், கடலில் திதி கொடுக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுபவர்.

"நேத்து அந்தப் பொண்ணு தற்கொலை பண்ணிக்கிட்டதை எழுதுங்கய்யா, வேணாங்கல. இடத்தை மட்டும் போட்டுராதீக."

"ஏன்?"

"போன தடவை ஒரு ஆளு இப்படிச் செத்தப்ப இடத்தைப் போட்டீக. மறுநாளே, பேப்பர்ல வந்த இடம் எங்கனன்னு கேட்டுச் சனம் வந்துருச்சு. கேட்டவுகளுக்குக் காட்டுறதுதான எங்க வழக்கம்? காட்டுனோம்."

"வேடிக்கை பார்க்க வந்தவங்கதானே?"

"அப்படித்தான் நெனச்சோம். நேத்து அந்தப் பொண்ணும் வந்து அதே இடத்தைத்தான் கேட்டுச்சு. என் தம்பிதான் கூட்டிட்டுப் போயிக் காட்டுனான்."

பஸ் நின்றது. நிருபர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி, வாங்க. முதல்ல அந்த இடத்தைக் காட்டுங்க."

அவரும் வழக்கம்போல முன்னால் நடந்தார்.