இளவேனில் சனிக்கிழமை

பூச்செடி என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. கைராசிதான் கிடையாது, நான் வாங்கி வந்த எந்த ரோஜாவும் நான்காம் நாளைப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவனைத்தான் பென்னலூரில் தொழிற்சாலையின் கெஸ்ட் ஹவுஸுக்கு சூப்பர்வைசராகப் போட்டிருந்தார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

முதலாளி இங்கிலாந்தில் யாரோ ஒருவரின் கிராமத்து வீட்டில் சனி, ஞாயிறு தங்கிவிட்டு வந்தார். புல்தரை, பூ, இதமான வெயில், தோட்டத்தில் தேநீர். வந்ததிலிருந்து நம் ஊர் சூரியன்கூட அவருக்கு மட்டமாகத் தெரிந்தது. "ஸ்பிரிங்ல இங்கயும் அப்படி ஒரு வீக்கெண்ட் ஏற்பாடு பண்ணுய்யா" என்றார்.

ஸ்பிரிங் என்றால் இளவேனில். இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி. பிரம்படியோடு மனப்பாடம் செய்தது, மறக்குமா? மே நான்காம் தேதி, சனிக்கிழமை என்று குறித்துக் கொடுத்தேன். அன்றுதான் கத்திரி தொடக்கம். காலண்டரில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. முதலாளிக்குக் காலண்டர் பார்க்கும் வழக்கமில்லை, எனக்குப் படம் பார்க்கும் வழக்கம் மட்டும்தான்.

புல்தரையில் இலை கொட்டுகிறது என்று வேப்பமரத்தை வெட்டினேன். ரோஜாக்கள் வழக்கம்போலக் கருகின. காகிதப் பூக்களைக் கம்பியில் கட்டினேன். ஊர் ஆடுகள் அவற்றைத் தின்னாமல் விரட்ட, தோட்டக்காரி சுந்தராம்பாளை நடுவெயிலில் நிறுத்தினேன். அவளுடைய பச்சை பிளாஸ்டிக் குடம் இங்கிலாந்துக்குப் பொருந்தவில்லை. பம்ப் அறையில் வைத்துப் பூட்டினேன்.

பதினொரு மணிக்கு முதலாளி தோட்டத்தில் இறங்கினார். நான்கு நிமிடம். பிறகு மாடியில் ஏசி அறைக்குப் போய், ஜன்னல் வழியாக இளவேனிலை அனுபவித்தார்.

பன்னிரண்டரைக்கு சுந்தராம்பாள் படியருகே வந்தாள்.

"சாரே, தல கிர்ருனு சுத்துது. கொடத்த குடு, ஒரு வாய் குட்சிட்டுப் போறேன்."

"வெள்ளக்காரன் பிளேன் ஏறிப் போய் வெயில்ல படுக்கறாம்மா. உனக்கு ஓசியில கிடைக்குது, கசக்குதா?"

"அப்ப அவனயே வந்து ஆட்ட வெரட்டச் சொல்லு" என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாள். நல்ல பதில். நானும் சிரித்தேன். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

ஒரு மணிக்கு, நான் மாடியில் முதலாளி பக்கத்தில் நின்றிருந்தபோது, அவள் புல்லில் சாய்ந்தாள்.

"யாருய்யா அது, படுத்துட்டிருக்கறது?" என்றார் முதலாளி.

"சன் பாத் எடுக்கறாங்க சார்."

பத்து வருஷத்தில் என் ஜோக்குக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் ஓடிப்போய் அவளைத் தூக்கினால் ஜோக் பாழாகிவிடும். அதனால் இன்னும் இரண்டு சொன்னேன்.

விழுந்த உடனே உயிர் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்துங்கள். அரைமணி நேரம் இருந்தது. ஜன்னலைப் பார்த்து இரண்டு தடவை கையைத் தூக்கினாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். என்னைத்தான் கூப்பிட்டாள்.

எனக்கு இளகிய மனசு, ஐயா. ஒருத்தர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டேன்.